மாரீஸ்வரி வார்டைக் காலி செய்த நாள்

இன்று காலை ஒருவருக்கு டிரிப்ஸ் ஏற்றுவதற்காக முழங்கை மடிப்பை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு வெள்ளிக் கொலுசைத் துடைத்த துணி மாதிரி மினுமினுத்தது. அடுத்த பஞ்சும் அப்படியே. அதற்கடுத்ததில்தான் மனிதத் தோல் தெரிந்தது. நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் என்றால் விளக்கம் வேண்டாம். வெளியூர் என்றால் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பட்டாசுக் கம்பெனியில் அலுமினியத் தூள் புழங்குகிறவர்களின் கை அப்படித்தான் இருக்கும். சோப்பு, சிகைக்காய், மண்ணெண்ணெய், எதற்கும் முழுசாகப் போகாது. தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்துக் கிடக்கும்போது தானாக உதிரும். வேலை தொடங்கியதும் தானாகத் திரும்பி வரும்.

என் பக்கத்தில் தனியார் நர்சிங் பள்ளி மாணவி ஒருத்தி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மெதுவாகக் கேட்டாள்: "சிஸ்டர், பேசண்ட்டத் தொடலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகம் சுருங்கியதும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவள் மேல் தப்பில்லை. நானும் ஒரு காலத்தில் ஒரு அரசு மருத்துவமனைச் சுவரோரம் இதே மாதிரிக் கைகட்டி நின்று, இதே கேள்வியைக் கேட்க வாய் வராமல் வீட்டுக்குப் போனவள்தான். எந்த ஊர் மருத்துவமனை, எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

நானும் மாரீஸ்வரியும் திருத்தங்கலில் ஒரே தெரு, பிளஸ் டூ வரை ஒரே பெஞ்சு. அவளுக்கு மார்க் கூட, அரசு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் குறைச்சல். ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிற என் அப்பா யோசித்து யோசித்து என்னை ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தார். அதை நடத்தியவர் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி. பள்ளியை ஒட்டியே அவருடைய ஆஸ்பத்திரியும் இருந்தது. அதனால் ஊரில் எல்லோரும் எங்கள் பள்ளியையும் "கம்பெனி" என்றே சொன்னார்கள். "ஒம் மக கம்பெனிக்குக் கெளம்பிட்டாளா?" என்று பக்கத்து வீட்டில் கேட்கும்போது அம்மாவுக்குச் சுருக்கென்று இருக்கும்.

எங்கள் பள்ளியில் எங்களைச் சம்பந்தி வீட்டார் மாதிரியும் நடத்தினார்கள், தப்பியோடப் பார்க்கிற கைதி மாதிரியும் நடத்தினார்கள். வகுப்பில் ஏசி உண்டு. ஆளுக்கொரு மெத்தை வைத்த நாற்காலி உண்டு. ஆனால் தலையில் கறுப்புக் கிளிப்புக்குப் பதில் பழுப்புக் கிளிப் குத்தியிருந்தால் அபராதம். படிக்கட்டில் சத்தமாகச் சிரித்தால் அபராதம். முதலாளி கார் உள்ளே வந்தால் வரிசையாக நின்று "குட் மார்னிங் சார்" சொல்ல வேண்டும். காரில் முதலாளி இருக்கிறாரா இல்லையா என்று கண்ணாடி வழியே தெரியாது. அதனால் காருக்கே சொல்லிப் பழகிவிட்டோம். பாதி நாள் உள்ளே டிரைவர் அண்ணன் மட்டும்தான் இருப்பார். கொஞ்ச நாளில் அவர் கூச்சம் தாங்காமல் பின் கேட் வழியாக வர ஆரம்பித்தார்.

செய்முறை அறையில் கோமதி இருந்தாள். கோமதி என்பது நாங்கள் வைத்த பெயர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ரப்பர் பொம்மை. கையில் நரம்பு, எங்கள் பாஷையில் வெயின், இருக்கும், சிவப்புச் சாயம் ஊற்றினால் ரத்தம் மாதிரி ஓடும் என்று விளம்பரப் புத்தகத்தில் போட்டிருந்தது. அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைப் பிரின்சிபால் மேடம் இடுப்பில் செருகியிருந்தார். புகைப்படம் எடுக்க மட்டும் திறப்பார். ஒருமுறை ஊசி குத்திப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "குத்துனா ஓட்ட விழுந்திரும்மா" என்றார். ஓட்டை விழுவதற்காகத்தானே ஊசி என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. கத்திரிக்காயில் குத்திப் பழகினோம். அந்தக் கத்திரிக்காய்கள் மறுநாள் எங்கள் மதியச் சாப்பாட்டு சாம்பாரில் மிதக்கும். இரண்டாம் வருஷத்தில் எங்கள் வகுப்பில் யாரும் கத்திரிக்காய் சாப்பிடுவதில்லை.

பள்ளியை ஒட்டிய ஆஸ்பத்திரியில் எல்லாம் இருந்தது. சுருக்கம் விழாத விரிப்பு, சக்கரம் வைத்த கட்டில், வாசலில் ஆம்புலன்ஸ். நோயாளிதான் இல்லை. எப்போதாவது ஒருவர் உள்ளே நுழைவார். நாங்கள் பத்துப் பேர் ஓடிப்போய் நிற்போம். அவர் மிரண்டுபோய், "சாத்தூர் பஸ்ஸு எங்கன நிக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

மாரி இருந்த இடம் நேர்மாறு. அங்கே நோயாளிகளைத் தவிர மற்ற எல்லாம் பற்றாக்குறை. நாற்காலி என்பது சிஸ்டர்களுக்கு மட்டும், அதுவும் ஒரு கால் ஆடுவது. மாரியின் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. "ஏ ஸ்டூடண்ட்" என்றால் திரும்ப வேண்டும். டாக்டர் வேலை சொல்வார், சிஸ்டர் சொல்வார், ஆயா சொல்வார், வாசலில் பூ விற்கிற அம்மா கூட, "பாப்பா, நான் டீ குடிச்சிட்டு வாரேன், கூடையப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போவார். சிலிண்டர் உருட்டுவாள், லேபுக்கு ரத்தம் கொண்டு ஓடுவாள், டீ வாங்கி வருவாள். அதே கையால் ஊசி போடுவாள், தையல் பிரிப்பாள், பிரசவத்தில் குழந்தையைப் பிடிப்பாள். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் என்னோடு நிற்கும்போது, கம்பியைப் பிடித்திருக்கிற ஆட்களின் கையைப் பார்த்து, "இவருக்கு நல்ல வெயின்டீ, கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்" என்று காதில் சொல்வாள். எனக்கு அந்தக் கையில் கடிகாரம் மட்டும்தான் தெரியும்.

அவளுடைய முக்கியமான வேலை ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. அங்கே ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து ஒருவர். அதனால் காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் மாரி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். "எந்திரிச்சு உக்காருங்க. இட்லி சாப்ட்டீகளா? வாந்தி வந்துச்சா? வரலையா? அப்ப வீட்டுக்குக் கெளம்புங்க." டாக்டரிடம் ஓடிக் கையெழுத்து வாங்கி, அந்த ஆளை அனுப்பிவிட்டு, தரையில் கிடப்பவரைக் கட்டிலில் ஏற்றுவாள். தேறியவர் கட்டிலில் படுத்திருப்பதைப் பார்த்தாலே அவளுக்குக் கை பரபரக்கும். தன் வீட்டில் அண்ணன் மதியம் படுத்திருந்தால் கூட எழுப்பி உட்கார வைத்துவிடுவாள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாததால் வாரத்துக்கு ஒருநாள் எங்களை அந்த அரசு மருத்துவமனைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். முழு வெள்ளை யூனிபார்ம், கஞ்சி போட்டது, உட்கார்ந்தால் முறியும். சுவரோரம் உயரவாரியாக நிற்க வேண்டும், எதையும் தொடக் கூடாது. தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் பள்ளிக்குக் கெட்ட பெயர். வார்டுப் பொறுப்பிலிருந்த செல்லத்தாய் சிஸ்டர் எங்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். பஸ் வந்து நின்றதும் ஆயாவிடம் சொல்வார்: "கொலு வந்திருச்சு. வழிய விடுங்க."

இப்படி மூன்றாம் வருஷம் முடியப்போனது. இறுதிச் செய்முறைத் தேர்வு அதே வார்டில்தான் நடக்கும். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் ஒரு நோயாளியைக் காட்டி, டிரிப்ஸ் போடச் சொல்வார். வெயின் கிடைக்காவிட்டால் மறுபடி ஒரு வருஷம், மறுபடி அந்தக் காருக்குக் குட் மார்னிங். அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்குள் இருந்தது. உயிருள்ள தோலில் ஊசி வைக்க என்னால் முடியாமலே போய்விட்டால்? அது தெரியாமலே மூன்று வருஷம் படித்துத் தொலைத்திருந்தால்? மாரியிடம் பஸ்ஸில் சொன்னேன்.

"கத்திரிக்காயக் குத்துனவளுக்கெல்லாம் சர்டிபிகேட் குடுத்தா நாடு என்னத்துக்கு ஆகும்" என்றாள்.

"சிரிக்காதடீ. எனக்குச் சோறு எறங்கல."

"சரி, அழாத. ஒருநா என் யூனிபார்மப் போட்டுக்கிட்டு எங்க வார்டுக்குப் போ. செல்லத்தாய் சிஸ்டர் நிமிந்தே பாக்க மாட்டாக. நீலக் கலரு தெரிஞ்சாப் போதும், வேல சொல்லுவாக."

"நீ என்ன செய்வ?"

"உன் யூனிபார்மப் போட்டுக்கிட்டு உங்க கம்பெனிக்குப் போறேன். எனக்கு உக்காரணும்டீ. ஒரே ஒரு நா. ஏசில, மெத்த வச்ச நாற்காலில, சாஞ்சு."

எல்லோரும் மாஸ்க் போட்டிருந்த காலம் அது. முகம் என்பது கண்ணும் நெற்றியும்தான். காலையில் எங்களை ஏற்றிப்போகிற பள்ளி பஸ் டிரைவர் தலைகளை எண்ணுவார், முகங்களைப் பார்க்க மாட்டார். இரண்டு பேரும் மாரி வீட்டில் உடை மாற்றினோம். பெயர் வில்லையையும் மாற்றிக் குத்திக்கொண்டோம். என் கஞ்சி போட்ட சட்டைக்குள் அவள் கையை நுழைத்தபோது பேப்பர் கிழிகிற மாதிரி சத்தம் வந்தது. "இதுக்குள்ள எப்படிடீ மூச்சு விடுற?" என்றாள். மூச்சு விடுவது பற்றி விதி எதுவும் இல்லை, நீயே பார்த்துக்கொள் என்றேன்.

அவளிடம் ஒன்றைச் சொல்ல மறந்துபோனேன். பள்ளிக்கு அனுமதி தருகிறவர்கள் இன்ஸ்பெக்சன் வருகிற நாட்களில் மட்டும் எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் நிறையும். ஆட்களைப் பட்டாசுக் கம்பெனிக்கு ஏற்றிப்போகிற வேன் அன்றைக்கு முக்கில் வலது பக்கம் போகாமல் இடது பக்கம் திரும்பி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும். சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, வேலை படுத்திருப்பது. இன்ஸ்பெக்சன் அடுத்த வாரம் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் "நாளைக்கே வாராக" என்று முதலாளிக்குத் தகவல் வந்திருக்கிறது.

இது எதுவும் தெரியாமல் நான் நீலச் சட்டையில் வார்டுக்குள் நுழைந்தேன். செல்லத்தாய் சிஸ்டர் எழுதிக்கொண்டே, "ஏ ஸ்டூடண்ட், லேபுக்கு ஓடு" என்றார். ஓடினேன். வந்ததும் சிலிண்டர். அதை உருட்டத் தெரியாமல் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தேன். ஒரு நோயாளி எழுந்து வந்து உருட்டிக் காட்டினார். அப்புறம் டீ. அப்புறம் பூக்காரம்மாவின் கூடை. மூன்று வருஷம் என்னை யாரும் எதையும் தொட விட்டதில்லை. அன்று காலை முழுக்க நான் தொடாதது ஊசி ஒன்றுதான்.

டீ டம்ளர்களைக் கழுவி வைக்கும்போது ஓர் ஆள் வாசலில் நின்று, "மாரீஸ்வரி சிஸ்டர் யாரு?" என்று கேட்டார். ஒடுங்கிய உடம்பு, காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. இரண்டு கைகளும் விரலிலிருந்து முழங்கைக்கு மேல் வரை வெள்ளி. மணிக்கட்டில் எங்கள் ஆஸ்பத்திரியின் அட்டை கட்டியிருந்தது.

"நான்தான்" என்றேன். வில்லை அப்படித்தான் சொன்னது.

அவர் வில்லையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க மாரீஸ்வரின்னா, அங்கன ஒரு பிள்ள, தான் மாரீஸ்வரின்னு சொல்லித்தான என்ன இங்கன அனுப்புச்சு? அது நெஞ்சுல வேற பேரு குத்தியிருந்துச்சு."

நான் கழுவிய டம்ளரையே எடுத்து மறுபடி கழுவினேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, விடுங்க" என்றார். "கொஞ்ச நேரம் முந்தி வரைக்கும் நானே குடல்வாலு பேசண்ட்டு. நான் போயி உங்களக் கேக்கவா?"

அவர் பெயர் கருப்பசாமி. டாக்டரிடம் சீட்டு வாங்கி, தரையில் பாய் விரித்துப் படுக்க வைப்பதற்குள் நடந்ததைச் சொல்லிவிட்டார். முந்தின நாள் அவருக்கு நிஜமாகவே குளிர் காய்ச்சல். போர்மேனிடம் போய் லீவு கேட்டிருக்கிறார். "காய்ச்சலா? நல்லதாப் போச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரில படுக்க ஆளு வேணும், வந்துரு" என்றாராம் போர்மேன். காலையில் வேனுக்குள் வைத்தே, கம்பெனியில் எந்த ரூமில் யார் வேலை என்று பிரித்துக் கொடுக்கிற மாதிரி, வியாதியைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

"எனக்குத்தான் நெசமாவே காய்ச்சல் இருக்கே, அதையே குடுங்க அண்ணாச்சின்னு கேட்டேன். அத முன் சீட்டுக்காரனுக்குக் குடுத்தாச்சு, நீ குடல்வாலு, வலது பக்கம் கையை வச்சுக்கிட்டுப் படுன்னுட்டாக."

எல்லோரும் படுத்தார்கள். என்ன தேய்த்துக் குளித்தும் கை வெள்ளி போகாததால் கழுத்து வரை போர்த்திவிட்டார்கள். போர்மேன் டீ குடிக்கப் போனார். அப்போதுதான் வகுப்பறையைத் தேடி வந்த மாரி வழி தவறி வார்டுக்குள் நுழைந்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார வந்தவள், ஒரு வார்டு நிறையக் கொழுகொழுவென்று ஆட்கள் படுத்திருப்பதைக் கண்டதும் உட்காருவதை மறந்துவிட்டாள்.

"முதக் கட்டில்ல போயி, என்ன செய்யுதுன்னு கேட்டுச்சு. அவன் என்ன வியாதின்னு மறந்துட்டான். ஒண்ணுஞ் செய்யலம்மான்னான். அப்ப எதுக்குப் படுத்திருக்கீக, அங்கன எத்தன பேரு தரையில கெடக்காக தெரியுமான்னு ஒரு சத்தம். அவன் எந்திரிச்சுட்டான். நர்சம்மா சொல்றதக் கேக்கணும்னு போர்மேன் சொல்லியிருந்தாகல்ல? அடுத்த கட்டிலு, அடுத்த கட்டிலு. இட்லி சாப்ட்டீகளா, வாந்தி வந்துச்சா, கெளம்புங்க."

அங்கிருந்த ஒரே டாக்டர் ஓய்வுபெற்ற பெரியவர், எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறவர். எல்லா டிஸ்சார்ஜ் சீட்டிலும் போட்டுக் கொடுத்திருக்கிறார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ஆட்கள் பஸ் ஏறிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை என்பதால் இரண்டு பேர் அப்படியே இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினார்களாம். கருப்பசாமியின் நெற்றியைத் தொட்டபோது மட்டும் மாரி நின்றிருக்கிறாள். மருந்து அலமாரியைத் திறந்து பார்த்திருக்கிறாள். வெற்று டப்பாக்கள், அழகாக அடுக்கியவை. "இங்கன ஒண்ணுமில்ல. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, என் பேரச் சொல்லுங்க" என்று பஸ் ஏற்றிவிட்டிருக்கிறாள்.

நான் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே செல்லத்தாய் சிஸ்டர் தலை நிமிராமல் சொன்னார்: "ஏ ஸ்டூடண்ட், அவருக்கு டிரிப்ஸ் போடு."

அவ்வளவுதான். திரை இல்லை, தேர்வாளர் இல்லை, கத்திரிக்காய் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு தரையில் முழந்தாளிட்டேன். பயந்தால் எனக்கு வாய் தானாக மனப்பாடத்தை ஒப்பிக்கும். எங்கள் பள்ளியில் அதை மட்டும் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"ஐயா, வணக்கம். உங்கள் உடலில் நீர்ச்சத்து குறைந்திருப்பதால் கை நரம்பு வழியாக மருந்துநீர் ஏற்றப் போகிறேன். ஊசி குத்தும்போது சிறிது வலிக்கும். பிறகு வலி குறைந்துவிடும். உங்களுக்குச் சம்மதமா? ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?"

கருப்பசாமி கண்களை அகலத் திறந்தார். பக்கத்துப் பாய்க்காரர் எழுந்து உட்கார்ந்து கேட்டார். "இம்புட்டு மரியாதையா என்ன யாரும் குத்துனதில்ல" என்றார் கருப்பசாமி. "சம்மதந்தான். குத்துங்க."

துடைத்தேன். வெள்ளி வந்தது. மறுபடி துடைத்தேன், மறுபடி வெள்ளி. தோல் தெரியும்வரை துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். மாரி பஸ்ஸில் சொல்வாளே, பார்க்காதே, தடவு என்று. குத்தினேன். ஒன்றும் வரவில்லை. என் கண்ணில் தண்ணீர் நின்றது.

"பரவால்ல தாயி" என்றார். "இன்னொரு கை சும்மாதான கெடக்கு."

மறு கையையும் துடைத்தேன். தடவினேன். தோலுக்கு அடியில் மெல்லிய ரப்பர்க் குழாய் மாதிரி ஏதோ விரலை எதிர்த்தது. அங்கே குத்தினேன். ஊசியின் பின்பக்கம் சிவப்பாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அந்த ஒரு சொட்டை எந்தக் கத்திரிக்காயும் எனக்குக் கொடுத்ததில்லை. பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது. நான் எழுந்திருக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டு முழந்தாளிலேயே இருந்தேன்.

அப்போது வெளியே ஒரு ஆம்புலன்ஸ் சத்தம். தொண்டை கட்டிய சத்தம். ஸ்ட்ரெச்சரில் வெள்ளை யூனிபார்மோடு ஒருத்தி உள்ளே வந்தாள். வயிற்றின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைத் தேடினாள்.

மாரிதான். இன்ஸ்பெக்சன் அம்மா காரிலிருந்து இறங்குகிற நேரம் பிரின்சிபால் மேடம் வார்டைப் பார்த்து, "பேசண்ட்டெல்லாம் எங்க?" என்று அலறியிருக்கிறார். "எல்லாரும் நல்லா இருக்காக மேடம், அனுப்பிட்டேன்" என்று மாரி பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். திட்ட நேரம் இல்லை. மாணவிகளைப் பிடித்துக் கட்டில்களில் தள்ளிப் போர்த்திவிட்டார்கள். மாரிக்குக் கிடைத்தது கருப்பசாமியின் கட்டில். கால்மாட்டில் குடல்வால் என்று எழுதிய அட்டை. இன்ஸ்பெக்சன் அம்மா போர்வைக்கு மேலாகவே வயிற்றை அழுத்திப் பார்த்திருக்கிறார். எத்தனையோ குடல்வால் வலியை நேரில் பார்த்தவள் மாரி. எங்கே அழுத்தினால் கத்த வேண்டும், எங்கே கையை எடுக்கும்போது துடிக்க வேண்டும் என்று அத்துப்படி. அவள் கத்திய கத்தலில் இன்ஸ்பெக்சன் அம்மா பதறிப்போய், "இத இன்னும் ஏன் ஆபரேஷன் பண்ணாம வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். அறுப்பதற்கு அங்கே டாக்டர் கிடையாது. அது எங்கள் மாணவி, நடிக்கிறாள் என்று சொல்லவும் வழி கிடையாது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்றார் பிரின்சிபால் மேடம். ஆம்புலன்ஸ் வாங்கியதிலிருந்து ஓடியதில்லை, கிளம்ப மறுத்தது. அத்தனை கட்டில்களிலிருந்தும் நோயாளிகள் போர்வையைச் சுற்றிக்கொண்டே இறங்கி வந்து தள்ளிவிட்டார்கள். இன்ஸ்பெக்சன் அம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கருப்பசாமி பாயில் படுத்தபடியே, "இவுகதான் என்ன அனுப்புனவுக" என்றார். ஸ்ட்ரெச்சரில் கூடவே வந்திருந்த குடல்வால் அட்டையைப் பார்த்துவிட்டு, "அடப் பாவமே, என் வியாதிய இவுகளுக்குக் குடுத்துட்டாகளா?" என்று கேட்டார்.

செல்லத்தாய் சிஸ்டர் அன்று முதல்முறையாக நிமிர்ந்தார். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார்.

"மாரீஸ்வரி, எந்திரி. அந்த ட்ரேயக் கழுவு."

மாரி இறங்கிப் போய்க் கழுவினாள். ஏசியும் இல்லை, நாற்காலியும் இல்லை. மூன்று வருஷத்தில் அவள் டூட்டியில் உடம்பைச் சாய்த்தது அந்தக் குடல்வால் கட்டிலிலும் இந்த ஸ்ட்ரெச்சரிலும் மட்டும்தான்.

பிறகு சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். வேர்த்துப்போய் நின்றேன். "நீ கொலுதான?" என்றார்.

"எப்பத் தெரியும் சிஸ்டர்?"

"சிலிண்டரக் கட்டிப்பிடிச்சயே, அப்பயே. எங்க பிள்ளைக உருட்டும். அப்புறம் அந்தாளுகிட்ட ஒரு பிரசங்கம் பண்ணுன பாரு, சம்மதமா கிம்மதமான்னு." மறுபடி எழுத ஆரம்பித்தார். "கை ஆளு கம்மியா இருந்துச்சு, விட்டேன். டிரிப்ஸு தீந்ததும் சொல்லு. போயி அடுத்த ஆளப் பாரு."

அன்று சாயங்காலம் வரை அடுத்த ஆள், அடுத்த ஆள் என்று பார்த்தேன். தேர்வில் எனக்கு வந்தவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு பெரிய பெண்மணி, நல்ல சதைப்பிடிப்பு, வெயின் எங்கோ ஆழத்தில். தடவினேன், கிடைத்தது. எங்கள் பள்ளிக்கு அந்த வருஷமும் அனுமதி வந்தது. நோயாளிகளுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் நல்ல ஒத்துழைப்பு என்று அறிக்கையில் எழுதியிருந்ததாக ஒரு பேச்சு. ஆம்புலன்ஸ் தள்ளியதைத்தான் இன்ஸ்பெக்சன் அம்மா அப்படிச் சொல்லியிருப்பார் போல.

இப்போது அந்த ஆஸ்பத்திரி கல்யாண மண்டபம். வார்டு இருந்த இடத்தில் பந்தி போடுகிறார்கள், இலை நிறைய ஆட்கள். கோமதி எந்த ஜவுளிக் கடை வாசலில் சேலை கட்டி நிற்கிறாளோ தெரியவில்லை. எல்லாப் பள்ளிகளுக்கும் இப்போது ஏறக்குறைய ஒரே மாதிரி உடுப்பு. வருகைக்கு முகத்தைக் காட்டுகிற மிஷின் வந்துவிட்டது, யாரும் யாருக்காகவும் போய் நிற்க முடியாது. செல்லத்தாய் சிஸ்டர் ஓய்வுபெற்றுவிட்டார். கருப்பசாமியை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. வெள்ளிக் கை ஒன்று தட்டுப்படும்போதெல்லாம் முகத்தையும் பார்த்துக்கொள்வேன்.

நாங்கள் இரண்டு பேரும் கடைசியில் இடம் மாறியே போனோம். நான் அரசு வேலையில். மாரி சென்னையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில், ஏசி, மெத்தை நாற்காலி, அறைக்கு ஒரே ஆள். போனில் புலம்புவாள்: "நல்லாத் தேறி உக்காந்து டிவி பாக்குறாகடீ. வீட்டுக்கு அனுப்பலாம்னா விடமாட்டேங்காக."

இன்று காலை அந்த மாணவியிடம், "தொடு. நீயே போடு" என்று தட்டைக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. அவள் கையைப் பின்னாலிருந்து எடுத்தாள். பஞ்சை வைத்துவிட்டு அந்த வெள்ளிக் கைக்காரரைப் பார்த்து ஆரம்பித்தாள்: "ஐயா, வணக்கம். உங்கள் உடலில் நீர்ச்சத்து குறைந்திருப்பதால்..."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர் அவள் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் அதே மனிதரின் கையைச் சற்றுமுன் பிடித்துத் துடைத்தவள், அவரிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. அந்த வாசகத்தைக் கடைசியாக யாரிடம் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. ஓடுகிற ஓட்டத்தில் முதலில் வணக்கம் போயிருக்கும், பிறகு வலிக்கும் என்று சொல்வது, கடைசியாகச் சம்மதமா என்று கேட்பது.

"சிஸ்டர், லேட்டாகுதே" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். "அந்தப் பிள்ள சொல்லி முடிக்கட்டும்."